குறுக்குக் கோடு போட்ட ஏழு

போன வாரம் மாலை வகுப்பு முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருவர் கேட்டீர்கள்: "ஏன் ப்ரோ, வாக்கியக் கணக்கு வந்தா மட்டும் பசங்க புத்தகத்த மூட வெச்சுடற? படிச்சுப் பாத்துதான போடணும்?" நான் சிரித்து மழுப்பினேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன். அது பொய். அடுத்த பஸ் வர முக்கால் மணி நேரம் இருந்தது. நிறுத்தத்தில் தனியாக நின்றபோதுதான், இதை வாயால் சொல்ல எனக்கு வராது, எழுதினால் வரலாம் என்று தோன்றியது.

உழவர்கரையில் அந்த ஒற்றை அறையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் நாம் ஆறு பேரும் நம் வீடுகளில் முதலில் பள்ளிக்கூடம் போனவர்கள். அதனால் இதில் பாதியை நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டில் ஒருவருக்கும் எழுத்து தெரியாதபோது, சார் சொல்லும் ஒரு வார்த்தை எவ்வளவு கனமானது என்று உங்களுக்கே தெரியும்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. வீடு அரியாங்குப்பத்தில். அம்மாவுக்கு டவுனில் ஒரு மாடி வீட்டில் வேலை: பாத்திரம், துணி, தரை துடைப்பது. தினமும் ஏழு மணி பஸ்ஸில் என்னையும் கூட்டிக்கொண்டு பாலம் தாண்டி வருவாள். அதற்காகவே என்னை டவுனில், அந்த வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த அரசுப் பள்ளியில் சேர்த்திருந்தாள். மாலை நான்கு மணிக்குப் பள்ளி விட்டதும் நேராக அந்த வீட்டின் பின்வாசலுக்கு வந்துவிட வேண்டும். அம்மா வேலை முடித்துக் கிளம்ப ஆறு மணி ஆகும். அதுவரை துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், சமையலறைப் படியில் உட்கார்ந்திருப்பேன். சவுக்காரத் தண்ணீரும் ஃபினாயிலும் கலந்த வாசனை அந்த இடத்துக்கு. இன்றும் எந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த வாசனை வந்தாலும் எனக்குப் பெருக்கல் வாய்ப்பாடு நினைவுக்கு வருகிறது.

அதுவரை முன்வாசல் வழியாக நான் அந்த வீட்டுக்குள் போனதே இல்லை. போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. போகத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் இரண்டே பேர். வீட்டுக்கார அம்மாவை எல்லோரும் மதாம் என்றார்கள், நாங்களும் அப்படியே. அவருடைய கணவர் பிரான்சில் வேலை பார்த்தார். மகளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தார். அம்மா அவரைப் பாப்பா என்பாள், நான் அக்கா என்பேன். கோடை விடுமுறை வந்ததும் தாயும் மகளும் பிரான்சுக்கே போய்விடப் போகிறார்கள் என்று அம்மா சொல்லியிருந்தாள். அதற்குள் வேறு வீடு பார்க்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வருவாள்.

எனக்கும் அந்தக் கோடையோடு ஒன்று முடிய இருந்தது. என் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாம் வகுப்பை எங்கே, எப்படித் தொடர்வது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. லாரியில் கிளீனராக இருந்த அப்பா வாரம் ஒருமுறை வருவார். வந்தவர் தை பிறப்பதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "எழுதப் படிக்க வந்துடுச்சு இல்ல. மாமன் பட்டறைல விடு, தொழில் கத்துக்கட்டும்."  ஆனால் அம்மா மறுநாளே எங்கள் வகுப்பு சாரைப் போய்ப் பார்த்தாள்.

சார் ஒரு வழி சொன்னார். ஆறாம் வகுப்பிலிருந்து விடுதியிலேயே தங்கிப் படிக்கிற அரசுப் பள்ளி ஒன்று இருக்கிறது. சாப்பாடு, துணி, புத்தகம் எல்லாம் அங்கேயே. நுழைவுத் தேர்வில் தேறினால் போதும். ஆனால் அவர் எங்கள் வகுப்பிலிருந்து இரண்டு பேரைத்தான் அனுப்புவார். இரண்டு பேருக்கு மேல் தனியாக உட்காரவைத்துச் சொல்லித்தரத் தனக்குத் தெம்பில்லை என்றார். அதில் ஒரு இடம் ரொட்டிக் கடைக்காரர் மகளுக்கு என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். அவள் எல்லாவற்றிலும் முதல். மிச்சம் ஒரு இடம். பொங்கல் விடுமுறைக்குப் பத்து வாக்கியக் கணக்குகள் தருவார், வீட்டில் போட்டுக் கொண்டுவர வேண்டும், அதைப் பார்த்து முடிவு செய்வார்.

"யாரும் உதவி பண்ணக் கூடாது," என்றார் வகுப்பில். "போன வருஷம் ஒருத்தன் டியூஷன்ல போட்டுக் குடுத்தத எடுத்துட்டு வந்தான். நானும் நம்பி அனுப்பிட்டேன். பரீட்ச ஹால்ல ஒரு கணக்கு கூடத் தெரியாம அழுதுட்டு வந்தான். அது எனக்குத்தான் கேவலம்."

எனக்கு எண்கள் வரும். கூட்டு, கழி, பெருக்கு, வகு என்று சொல்லிவிட்டால் போதும். அதையே ஒரு வாக்கியத்துக்குள் வைத்தால் கை நின்றுவிடும். வார்த்தைகளைப் பார்த்துத்தான் போடுவேன். 'மொத்தம்' இருந்தால் கூட்டல். 'மீதி' இருந்தால் கழித்தல். 'ஒவ்வொரு' இருந்தால் பெருக்கல். நம் பிள்ளைகளில் பாதிப் பேர் இன்றும் அப்படித்தான் போடுகிறார்கள், பார்த்திருப்பீர்கள்.

விடுமுறைக்குப் பத்து நாள் முன்பு, சமையலறைப் படியில் அப்படி ஒரு கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அக்கா தண்ணீர் குடிக்க வந்தவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"இன்னா கணக்கு அது?"

நோட்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"எனக்குத் தமிழ் படிக்க வராதுடா. பேசத்தான் வரும். நீ சொல்லு."

நான் புத்தகத்தைப் பார்த்து ஒப்பித்தேன். "ஒரு வியாபாரி ஒன்பது பழங்களை விற்ற பின் அவரிடம் மீதி பதினைந்து பழங்கள் இருந்தன எனில் முதலில் அவரிடமிருந்த பழங்கள் எத்தனை."

"ஒண்ணும் புரியல. புக்க மூடு. இன்னா நடந்துச்சுன்னு சொல்லு, சினிமாக் கத சொல்ற மாதிரி."

மூடினேன். "ஒருத்தர் பழம் விக்கறாரு அக்கா. ஒம்போது வித்துட்டாரு. இன்னும் பதினஞ்சு கூடைல இருக்கு."

"நீ எவ்ளோன்னு போட்டிருக்க?"

"ஆறு. மீதின்னு வந்துச்சு, அதான் கழிச்சேன்."

அக்கா படியில் உட்கார்ந்து சிரித்தார். "மொதல்ல ஆறே ஆறு பழந்தான் இருந்துச்சாம். அதுல ஒம்போது வித்தாராம். அப்பறமும் கூடைல பதினஞ்சு இருக்காம். அவரு வியாபாரியா, மந்திரவாதியா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் அந்தக் கூடை கண்ணுக்குத் தெரிந்தது. முதல்முறையாக ஒரு கணக்கில் எனக்கு ஏதோ தெரிந்தது.

அன்றிலிருந்து தினமும் ஒரு மணி நேரம். அக்காவுக்கும் அது விளையாட்டு, அந்தப் பெரிய வீட்டில் அவருக்குப் பேச ஆளில்லை என்று இப்போது நினைக்கிறேன். நான் படிப்பேன், மூடுவேன், நடந்ததைச் சொல்வேன். சொல்ல வராத இடத்தில் அவர் விடமாட்டார். "யாரு குடுத்தா? யாருக்கு? குடுத்தப்புறம் அவன் கைல இன்னா இருக்கு?" முழுதாகச் சொல்லி முடிக்கும்போது, கூட்டலா கழித்தலா என்று யோசிக்கவே வேண்டியிருக்காது. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரிந்திருந்தால் நானும் இந்நேரம் பட்டறையில் இருந்திருப்பேன்.

போடுவது அவருடைய சிலேட்டில். பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளைச் சிலேட்டு, ஒரு பக்கம் கட்டம் போட்டது, மைப் பேனாவால் எழுதித் துணியால் துடைப்பது. அதன் துணி அம்மாவின் பழைய புடவைத் துண்டுதான், அம்மாவே கொடுத்தாள். வகுத்தலை அவர் தன் பள்ளியில் போடுகிற மாதிரியே போட்டுக் காட்டினார். நாம் வகுக்கும் எண்ணை இடப்பக்கம் வைத்து, ஈவைத் தலைக்கு மேல் எழுதுவோம் இல்லையா. அவர் வகுக்கும் எண்ணை வலப்பக்கம் எழுதி, கீழே கோடு கிழித்து, ஈவை அதற்கு அடியில் எழுதுவார். இடையில் கழிக்கும் எண்களை எழுதவே மாட்டார். மனதிலேயே கழித்து, மிஞ்சியதை மட்டும் எழுதுவார். எனக்கு அது பிடித்துவிட்டது. இடம் கம்மி, அழுக்கு கம்மி.

எனக்கே தெரியாமல் இன்னொன்றும் ஒட்டிக்கொண்டது. அவர் ஏழு எழுதினால் நடுவில் சின்னதாக ஒரு குறுக்குக் கோடு போடுவார். ஒன்றுக்குத் தலையில் நீளமாக ஒரு கொம்பு வைப்பார். பொங்கல் வருவதற்குள் என் கையும் அப்படியே எழுத ஆரம்பித்துவிட்டது.

பத்துக் கணக்கையும் விடுமுறையில் அரியாங்குப்பத்தில், எங்கள் வீட்டில் உட்கார்ந்து நானே போட்டேன். அக்கா பக்கத்தில் இல்லை. நான்கு நாள். ஒவ்வொன்றையும் சுவரைப் பார்த்து உரக்கச் சொல்லிவிட்டுப் போட்டேன். "யாருகிட்டடா பேசற?" என்றாள் அம்மா ஒருமுறை, கரும்பு கடித்துக்கொண்டே.

விடுமுறை முடிந்து நோட்டைக் கொடுத்த மூன்றாம் நாள், புதன்கிழமை, சார் எல்லோருடைய நோட்டையும் திருப்பித் தந்தார். என்னுடையதை மட்டும் மேஜையில் வைத்துக்கொண்டார். மதிய மணி அடித்ததும் கூப்பிட்டார்.

"இது யாரு போட்டது?"

"நான்தான் சார்."

"பத்தும் சரி. சந்தோஷம். இந்த ஏழு யாருது?"

எனக்குப் புரியவில்லை. அவர் என் பழைய நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதில் என் ஏழுகள் எல்லாம் மொட்டையாக நின்றன. புதிய நோட்டில் ஒவ்வொரு ஏழின் இடுப்பிலும் ஒரு கோடு.

"இது உன் ஏழு இல்ல. இது உன் ஒண்ணு இல்ல. வகுத்தல் நான் சொல்லிக்குடுத்த முறையே இல்ல. நடு வரியக் காணும். விடைய மட்டும் பாத்து எழுதுனா இப்படித்தான் இருக்கும். எந்த வீட்ல எழுதி வாங்குன?"

"நான்தான் சார் போட்டேன். அம்மா வேல செய்ற வீட்ல ஒரு அக்கா சொல்லிக் குடுத்தாங்க."

அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது. சாரின் முகம் மூடிக்கொண்டது.

"நாளைக்குக் காலைல உங்கம்மாவ கூட்டிட்டு வா. வெள்ளிக்கிழம ஃபாரம் அனுப்பணும். யோசிச்சுட்டு உண்மையச் சொல்லு."

அவரைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். சம்பளம் இல்லாமல் மாலை ஆறு மணி வரை உட்கார்ந்து சொல்லித்தர இருந்தவர் அவர். முந்தைய வருடம் சூடு பட்டவர். நம் வகுப்பிலும் ஒரு பிள்ளையின் கையெழுத்து பத்து நாளில் மாறினால் நமக்கு முதலில் என்ன தோன்றும்?

மாலை அந்த வீட்டுப் பின்வாசலில் அம்மாவிடம் சொன்னேன். அவள் போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தாள். ஒரு முனையை நான் பிடித்திருந்தேன்.

"பாப்பா எழுதிக் குடுத்துச்சா?"

"இல்லம்மா. சொல்லிக் குடுத்தாங்க. நான்தான் போட்டேன். நீதான பாத்த, வீட்ல."

"நான் இன்னாத்த பாத்தேன். நீ எழுதற, அது தெரியும். எதப் பாத்து எழுதறன்னு எனக்கு எப்படித் தெரியும்?" போர்வையை இன்னும் இறுக்கி முறுக்கினாள். "சாரு பொய் சொல்லுவாரா?"

"சாருக்குத் தெரியலம்மா."

"சாருக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். ஆமா."

தண்ணீர் என் காலில் கொட்டியது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நானும் பின்னாலேயே சமையலறை வாசல் வரை போனேன். மதாம் மேஜையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அக்கா எதிரில் ரொட்டியைக் காப்பியில் தோய்த்துக்கொண்டிருந்தார். அம்மா நின்றபடி, புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"மதாம், கோச்சுக்காதீங்க. பாப்பா வெளயாட்டா செஞ்சிருக்கும். இவனுக்குக் கணக்கு எழுதிக் குடுத்துடுச்சு. பள்ளிக்கூடத்துல சாரு கண்டுபுடிச்சிட்டாரு. இவன் படிப்பே போயிடும்போல இருக்குது. இனிமே எழுதிக் குடுக்க வேணான்னு கொஞ்சம் சொல்லுங்க."

மதாம் மகள் பக்கம் திரும்பி பிரெஞ்சில் ஏதோ கேட்டார். அக்கா இல்லை என்று தலையாட்டி "நோன்" என்றார். மதாம் மறுபடி கேட்டார், குரல் ஏறியது. அக்கா "நோன், மமோன்," என்று எழுந்து நின்றார். பிறகு தமிழில், என்னைப் பார்த்து, "டேய், சொல்லுடா," என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் சொல்லியிருக்கலாம். அம்மாவிடம் அதையே இரண்டு நிமிடம் முன்பு சொன்னவன்தானே. ஆனால் அங்கே சொன்னால் அம்மா மதாம் முன்னால் பொய்க்காரி ஆவாள். வேலைக்காரி, முதலாளி வீட்டுப் பெண்மேல் பழி சொன்னாள் என்று ஆகும். அப்படியெல்லாம் யோசித்தேனா, இல்லை, வெறும் பயமா என்று இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை. தரையைப் பார்த்தேன். சமையலறைத் தரை சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை. காலையில்தான் அம்மா துடைத்திருந்தாள்.

மதாம் மகளைத் திட்ட ஆரம்பித்தார். ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை, எல்லாமே புரிந்தது. அலமாரி மேலிருந்த வெள்ளைச் சிலேட்டை மதாமே எடுத்து உள்ளே கொண்டுபோனார். அதை நான் மறுபடி பார்க்கவில்லை. அக்கா அழவில்லை. ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு மாடிக்குப் போனார்.

மறுநாள் காலை அம்மா தலைக்குக் குளித்து, கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டாள்.  பஸ் பாலத்தின் மேல் ஏறும்போது, "சாரு இன்னா கேட்டாலும் மன்னிச்சுக்கங்கன்னு சொல்லு. மன்னிப்புக் கேட்டா மனசு எறங்குவாரு," என்றாள்.

எட்டரைக்கு வகுப்பில் சார் மட்டும் இருந்தார். தண்ணீர் தெளித்துப் பெருக்கிய தரையிலிருந்து மண்வாசனை வந்துகொண்டிருந்தது. மேஜையில் என் இரண்டு நோட்டுகளும், பழுப்பு உறையின் மேல் இரண்டு விண்ணப்பங்களும். ஒன்றில் ரொட்டிக் கடைக்காரர் மகளின் புகைப்படம் ஒட்டியிருந்தது. இன்னொன்று வெறுமையாக இருந்தது.

அம்மா வாசலிலேயே கைகூப்பினாள். "தெரியாம செஞ்சிட்டான் சார். சின்னப் பையன். மன்னிச்சுக்கங்க. அந்த வீட்லயும் நான் சொல்லிட்டேன், இனிமே எழுதிக் குடுக்க மாட்டாங்க."

சார் பெருமூச்சு விட்டார். கோபம்கூட இல்லை, அயர்ச்சிதான். "ஒத்துக்கிட்டீங்களே, அது போதும்மா. நான் வேற எதுவும் பண்ணப் போறதில்ல. ஆனா ஃபாரம் குடுக்க முடியாது. எழுதி வாங்குனவன அனுப்ப மாட்டேன்னு நானே சொல்லிட்டேன்."

அம்மாவின் கூப்பிய கை அப்படியே நின்றது. அவளுக்கு அது புரிய ஒரு நொடி ஆனது. மன்னிப்புக் கேட்டால் கிடைக்கும் என்று நினைத்து வந்தாள். கேட்டதாலேயே போய்விட்டது.

"சார், நான் எழுதி வாங்கல," என்றேன்.

"உங்கம்மாவே ஒத்துக்கறாங்க. நீ என்னடா?"

"அம்மாவுக்குத் தெரியாது சார். ஒரு கணக்கு குடுங்க. இங்கயே போடறேன்."

சார் கடிகாரத்தைப் பார்த்தார். மேஜை இழுப்பறையிலிருந்து, நாங்கள் பார்த்திராத ஒரு பழைய புத்தகத்தை எடுத்து நடுவில் பிரித்தார். அம்மா சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

"ஒரு பள்ளியில் நானூற்று ஒன்பது மாணவர்கள் சுற்றுலா செல்கின்றனர். ஒரு பேருந்தில் முப்பத்தேழு பேர் அமரலாம். எனில் எத்தனை பேருந்துகள் தேவை?"

சுண்ணக்கட்டியைக் கையில் எடுத்தும் ஒன்றும் ஓடவில்லை. வெறும் சத்தமாகத்தான் இருந்தது. வேறு வழி தெரியாமல், பலகையைப் பார்த்து வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தேன்.

"நானூத்தி ஒம்போது பசங்க ரோட்ல நிக்கறாங்க. ஒரு பஸ்ஸு வருது. முப்பத்தேழு பேரு ஏறிட்டாங்க, சீட்டு ஃபுல்லு. பஸ்ஸு போயிடுச்சு. அடுத்த பஸ்ஸு வருது, அதுல முப்பத்தேழு பேரு..."

"யாருகிட்ட பேசற?" என்றார் சார்.

"கணக்கு சார். இப்படித்தான் போடுவேன்."

அம்மா சட்டென்று என்னைப் பார்த்தாள்.

409 என்று எழுதினேன். அடுத்து 37. மூன்று எழுதிவிட்டு ஏழில் கை நின்றது. சார் பக்கத்திலேயே நின்றிருந்தார், அவர் சட்டையின் கஞ்சி மணம் வந்தது. மொட்டை ஏழு எழுதினால், பார், இதுதான் உன் எழுத்து, நோட்டில் இருப்பது வேறொருவர் என்பார். கோடு போட்டால், நான் சொல்லித்தராத முறை என்பார். எனக்குப் பத்து வயது. இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருந்தது. நோட்டில் எழுதியது நான்தான் என்பது மட்டும்தான் என்னிடம் இருந்தது. ஏழின் நடுவில் கோடு போட்டேன். போடும்போது சுண்ணக்கட்டி உடைந்தது.



வலப்பக்கம் 37, அதன் அடியில் கோடு. நாற்பதில் முப்பத்தேழு போக மூன்று. ஒன்பதை இறக்கினால் முப்பத்தொன்பது. அதில் முப்பத்தேழு போக இரண்டு. கோட்டுக்கு அடியில் கொம்பு வைத்த இரண்டு ஒன்றுகள். நடு வரிகள் இல்லை.

"இப்ப நம்ம முறைல போடு. பக்கத்துலயே."

போட்டேன். முப்பத்தேழை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் கழித்தேன். அதே பதினொன்று, அதே இரண்டு. இதிலும் ஏழுகள் கோட்டோடுதான் வந்தன. வேண்டுமென்று போடவில்லை, கை அப்படி ஆகியிருந்தது. சார் அதைத்தான் பார்த்தார். மேஜைக்குப் போய் என் நோட்டை எடுத்துவந்து பலகைக்குப் பக்கத்தில் பிடித்தார். ஏழுக்கு ஏழு பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். வெளியே பிள்ளைகள் வர ஆரம்பித்திருந்தார்கள். ஜன்னலில் இரண்டு தலைகள் தெரிந்தன.

நான் கீழே 'விடை: 12 பேருந்துகள்' என்று எழுதினேன்.

"ஈவு பதினொண்ணு. நீ பன்னெண்டுன்னு எழுதியிருக்க." சாரின் குரலில் பழைய சந்தேகம் மறுபடி எட்டிப் பார்த்தது. "எங்கேர்ந்து வந்துச்சு பன்னெண்டு?"

நான் வாய் திறப்பதற்குள் சுவரோரத்திலிருந்து அம்மா சொன்னாள்.

"அந்த ரெண்டு பசங்க ரோட்லயே நிப்பாங்களா சார்? அவங்களுக்கு ஒரு பஸ்ஸு வேணாமா?"

சொல்லிவிட்டு, பேசக் கூடாத இடத்தில் பேசிவிட்டவள் போலத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் பையனக் கேட்டேன்மா," என்றார் சார்.

"அதேதான் சார்," என்றேன்.

சார் நோட்டை மூடினார். நாற்காலியில் உட்கார்ந்து, வெறுமையாக இருந்த விண்ணப்பத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார். "பரீட்சைல நம்ம முறைதான். நடு வரி எழுதணும். ஏழுல கோடு வேணாம், திருத்தறவங்க குழம்புவாங்க," என்றார் எழுதிக்கொண்டே. தப்பாக நினைத்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்க்கவில்லை. அம்மாவின் கட்டைவிரலை ஊதா மையில் ஒற்றி, தானே பிடித்துத் தாளில் அழுத்தினார்.

பள்ளி வாசல் வரை அம்மாவோடு போனேன். மை காயாத விரலைத் தனியாக நீட்டி வைத்துக்கொண்டிருந்தாள், புடவையில் பட்டுவிடாமல்.

"அப்ப பாப்பா எழுதல."

"இல்லம்மா. நேத்தே சொன்னேன்."

அந்த வீட்டுத் தெருப் பக்கம் திரும்பினாள். "மதாம்கிட்ட இன்னான்னு போய் சொல்றது? நேத்து நான் சொன்னது தப்புன்னா? பெத்த பொண்ண திட்ட வெச்சுட்டேன். நீ வேலைக்கே வர வேணாம்னுட்டா?" என்னிடம் கேட்டாளா, தன்னிடம் கேட்டாளா தெரியவில்லை. "விடு. மூணு மாசத்துல அவங்க ஊருக்கே போயிடுவாங்க."

அன்று நாள் முழுவதும் நான் ஜெயித்தவனாக இருந்தேன். ரொட்டிக் கடைக்காரர் மகள் தன் டப்பாவிலிருந்து பாதி பன் கொடுத்தாள். நான்கு மணிக்கு மணி அடித்ததும் கால் அந்த வீட்டுப் பக்கம் போக மறுத்தது. போனேன்.

பின்வாசலில் அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பையை அவளருகில் வைத்துவிட்டு, சந்து வழியாகச் சுற்றி முன்வாசலுக்கு வந்தேன். கதவு திறந்திருந்தது. உள்ளே மரப்படிக்கட்டு, மெழுகு வாசனை, சுவரில் யேசுவின் படத்துக்குக் கீழே சின்னச் சிவப்பு விளக்கு. "டேய், எங்கடா போற?" என்று சமையலறைப் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல், சத்தம் போடவும் பயந்த குரல். நான் படியேறினேன். என் கால் தூசி ஒவ்வொரு படியிலும் பதிந்தது, நாளைக் காலை அம்மா துடைக்க வேண்டிய படிகள்.

மேலே மதாம் பெட்டிக்குள் துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தார். அக்கா ஜன்னலோரம் மேஜையில் எழுதிக்கொண்டிருந்தார்.

"மதாம், அக்கா எழுதிக் குடுக்கல. பத்தும் நான்தான் போட்டேன். அவங்க கேள்வி மட்டும்தான் கேப்பாங்க. சார் இன்னிக்குப் பலகையில போடச் சொன்னாரு. நான் போட்டுக் காமிச்சிட்டேன்." ஒரே மூச்சில் சொன்னேன். "அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதான் தப்பா சொல்லிட்டாங்க. அவங்களத் திட்டாதீங்க."

மதாம் கையிலிருந்த துணியோடு என்னைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். "சரி," என்றார். "சரி, கீழ போ." குரலில் கோபம் இல்லை. மடித்துக்கொண்டிருந்ததை மறுபடி பிரித்து மடித்தார்.

நான் அக்காவைப் பார்த்தேன். ஃபாரம் கிடைத்துவிட்டது என்று சொல்ல நினைத்தேன். அவர் கேட்பார், "இன்னா கணக்கு குடுத்தாரு?" என்பார், பஸ் கணக்கைச் சொல்லலாம் என்று காலையிலிருந்து மனதுக்குள் வைத்திருந்தேன்.

அக்கா பேனாவை மூடி வைத்துவிட்டு வாசல் வரை வந்தார்.

"நேத்து நீயும் அங்கதான நின்னுக்கிட்டிருந்த?"

அவர் சத்தமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஆமாக்கா," என்றேன்.

கொஞ்ச நேரம் காத்திருந்தார். வேறு ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு மேஜைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து எழுத ஆரம்பித்தார். நான் படியிறங்கினேன். கடைசிப் படியில் அம்மா நின்றிருந்தாள், ஈரக் கையோடு, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு.